மூன்று கிலோவுக்கு ஒரு ஸ்ட்ராப்: பீக் டிசைன் ஸ்லைடு

கனமான கேமராவுக்கு ஸ்ட்ராப் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் மெத்தையைத்தான் அமுக்கிக் காட்டுவார். "எத்தனை மெத்துன்னு இருக்கு பாருங்க" என்பார். மெத்தையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஸ்ட்ராப்பைத் திருப்பிப் பிடித்து, பட்டை மடித்துத் தைக்கப்பட்டிருக்கும் இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே ஒற்றை வரிசைத் தையல் மட்டும் ஓடியிருந்தால் அதை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். நாள் முழுக்கத் தையலையும் டேப்பையும் எலாஸ்டிக்கையும் இழுத்துப் பார்ப்பதுதான் வேலை. ஞாயிறு விடியலில் நஞ்சராயன் குளத்துக்குப் பறவைப் படம் எடுக்கப் போய்விடுவேன். 2024-இல் ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட குளம் அது. குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளை நம் ஊர்க் கரையில் நின்றே பார்க்கலாம். ஆனால் கரை நீளமானது. நின்ற இடத்தில் எதுவும் கிடைக்காது, நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

என்னிடம் இருப்பது நிக்கான் டி500 கேமரா, அதில் 200-500 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ். பாடி 860 கிராம், லென்ஸ், டிரைபாடில் மாட்டுவதற்கான அதன் காலோடு சேர்த்து 2,300 கிராம். இரண்டும் சேர்ந்தால் மூன்று கிலோவைத் தாண்டிவிடும். இதைத் தாங்க நான் கடைசியில் தேர்ந்தெடுத்தது பீக் டிசைன் என்ற கம்பெனியின் ஸ்லைடு என்னும் ஸ்ட்ராப். கையில் பிடித்திருக்கும் வரை இந்தக் கனம் பெரிதாகத் தெரியாது. அரை மணி நேரம் தொங்கவிட்டு நடந்தால்தான் தெரியும். கேமராவுக்கும் லென்ஸுக்கும் லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு, அதைத் தாங்கப்போகும் பட்டையைக் கடைசியில் இலவசமாகக் கேட்டு வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

கேமராப் பெட்டியில் வரும் ஸ்ட்ராப் சின்ன லென்ஸுக்குப் போதும். இந்தக் கனத்துக்கு அது ஆகாது. உடம்பின் குறுக்கே போட நீளம் பத்தாததால் கழுத்தில்தான் தொங்கும். முழுப் பாரமும் பின்கழுத்தில் ஒரே கோடாக இறங்கும், தலை தானாக முன்னால் குனியும். வீட்டுக்கு வந்த பிறகு கழுத்து வலி தோள்பட்டைக்குப் பரவும்.

அடுத்து எல்லோரும் கைகாட்டுவது நியோப்ரீன் மெத்தை வைத்தது. கடையில் போட்டுக்கொண்டு நின்றால் சுகமாகத்தான் இருக்கும். ரப்பர் நீள்வதால் கனமே குறைந்துவிட்ட மாதிரி தோன்றும். நடக்கத் தொடங்கினால் அதே நீட்சி ஒவ்வொரு அடிக்கும் கேமராவை மேலும் கீழும் துள்ள வைக்கும். அதைத் தடுக்க ஒரு கையால் லென்ஸைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டியிருக்கும். அப்படியென்றால் ஸ்ட்ராப் எதற்கு? நம் ஊர்ச் சித்திரை வெயிலில் காற்றுப் புகாத அந்த மெத்தைக்கு அடியில் வியர்வை தேங்கி வேர்க்குரு வந்துவிடும். ஊட்டியில் இருப்பவர்களுக்கு வேண்டுமானால் அது ஒத்துவரலாம்.

தோள்வலிக்கு உண்மையான மருந்து, ஸ்ட்ராப்பைக் குறுக்கே போட்டுக் கேமராவை இடுப்பில் சாய்த்து வைப்பதுதான். தண்ணீர்க் குடத்தைக் கையில் தொங்கவிடாமல் இடுப்பில் ஏற்றிக்கொள்வது போல. ஒரு தோளில் தொடங்கி முதுகும் நெஞ்சும் சேர்ந்து பாரத்தை வாங்கிக்கொள்ளும். கேமரா உடம்பை ஒட்டிக் கிடப்பதால் ஆட்டமும் குறையும். இப்படிப் போடும் ஸ்லிங் ஸ்ட்ராப்புகளில் இரண்டு வகை உண்டு. ஒரே திருகில் மொத்தக் கேமராவையும் தொங்கவிடுவது ஒன்று. இரண்டு இடத்தில் மாட்டுவது இன்னொன்று.

ஒற்றைத் திருகு வகையை எங்கள் பறவைக் குழுவில் அவிநாசித் தம்பி ஒருவன் வைத்திருந்தான். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுவரும் வேகத்தில் அதை மிஞ்ச எதுவும் இல்லை. கொக்கி பட்டையின் மேல் வழுக்கிக்கொண்டு மேலே வரும், பட்டை தோளில் அசையாமல் நிற்கும். பறந்துபோகும் பாம்புத்தாராவை நான் எடுப்பதற்குள் அவன் எடுத்துவிடுவான். ஒரு நாள் கரையில் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தான். கேமரா வழக்கத்தைவிடக் கோணலாகத் தொங்குவது போல் இருந்தது. நிற்கச் சொல்லித் தொட்டுப் பார்த்தால் திருகு இரண்டு சுற்றுக் கழன்றிருந்தது.

இரண்டு சுற்றுதானே என்று நினைக்கக் கூடாது. கேமராவுக்கு அடியில் டிரைபாட் மாட்டும் துளை கால் அங்குல அளவு, அங்குலத்துக்கு 20 மரை. அதாவது ஒரு மரைக்கு 1.27 மில்லிமீட்டர். திருகு உள்ளே போவது சுமார் ஐந்து மில்லிமீட்டர்தான். ஆக, மொத்தமே நான்கு மரைதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு சுற்றுக் கழன்றால் பாதிப் பிடி போய்விட்டது என்று அர்த்தம். கேமரா நடையில் ஆடிக்கொண்டே இருக்கும். சுழல வேண்டிய கொக்கியில் தூசி அடைத்துவிட்டால் அந்தச் சுழற்சி முழுக்கத் திருகுக்குப் போகும். யாருடைய ஸ்ட்ராப் என்றாலும் இந்தக் கணக்கு மாறாது. கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: அதிர்வு இருக்கும் இடத்தில் திருகை மட்டும் நம்பக் கூடாது.

திருகு கழலாமல் ஒட்டிப் பிடிக்கும் லாக்டைட் திரவத்தை விடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். உலோகத்துக்கு உலோகம் என்றால் சரி. நீல நிற லாக்டைட் விட்டால் பிறகு சாவி போட்டுக் கழற்றவும் முடியும். ஆனால் அந்தத் திரவம் சில வகைப் பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விட வைக்கும். கேமரா அடிப்பக்கம் அதைக் கொண்டுபோக எனக்குத் தைரியமில்லை. நடப்பதற்கு முன்னால் விரலால் முறுக்கிப் பார்ப்பதும், தப்பினால் பிடித்துக்கொள்ள ஒரு துணைப் பட்டை வைத்திருப்பதும்தான் சரியான வழி.

அந்தத் துணைப் பட்டையை நானே அவனுக்குத் தைத்து வாங்கிக் கொடுத்தேன். எங்கள் ஊரில் டேப்புக்கா பஞ்சம்? 20 மில்லிமீட்டர் பாலியஸ்டர் டேப் எடுத்தேன். நைலான் இன்னும் மிருதுவாக இருக்கும், உராய்வையும் நன்றாகத் தாங்கும். ஆனால் தண்ணீரை உறிஞ்சும், நனைந்தால் கொஞ்சம் நீளும். பாலியஸ்டர் தண்ணீரை அவ்வளவாக வாங்காது, வெயிலையும் நைலானைவிட நன்றாகத் தாங்கும். காதர்பேட்டைப் பக்கம் பை தைத்துத் தரும் பெரியவரிடம் கொடுத்து, இரண்டு முனையிலும் கட்டம் போட்டு அதற்குள் பெருக்கல் குறி போல ஓட்டச் சொன்னேன். அதற்கு மேலும் கீழும் பார்டாக், அதாவது ஒரே இடத்தில் நெருக்கமாக அடிக்கும் தையல்.

"ஏனுங் அம்மணி, இத்துனூண்டு துண்டுக்கு இத்தனை தையலுங்களா?" என்றார்.

"மூணு கிலோ தொங்கணுங்க. அறுந்தா கேமரா தரையிலதானுங்க."

கொஞ்ச நேரம் டேப்பைத் தடவிப் பார்த்தார். "அப்படீன்னா முனையக் கொஞ்சம் சுட்டு விட்டுர்றனுங்க. இல்லீன்னா நூல் பிரிஞ்சு வந்துரும்" என்று தீக்குச்சியை எடுத்தார். நான் சொல்ல மறந்திருந்தாலும் அவர் விட்டிருக்க மாட்டார்.

ஸ்ட்ராப்பைச் சோதிக்க என் வழி ஒன்றுதான். வீட்டில் ஊஞ்சல் கொக்கி இருக்கிறது. ஸ்ட்ராப்பை அதில் மாட்டி, கீழே 25 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தொங்கவிட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுவேன். தொங்கவிடுவதற்கு முன்னும் பின்னும் நீளத்தை அளப்பேன். தையல் ஓட்டைகள் வாய் பிளந்திருக்கின்றனவா, பக்கிளில் பட்டை நழுவியிருக்கிறதா, வளையம் விரிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். மூன்று கிலோவுக்கு 25 கிலோ எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். நின்றுகொண்டிருக்கும்போது மூன்று கிலோதான். கால் இடறி ஒரு குதி குதித்தால் அந்த நொடியில் பட்டைக்கு வரும் இழுப்பு பல மடங்கு. அந்த நொடிக்காகத்தான் இந்தச் சோதனை. சிப்பத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் தூக்கிக் கட்டாதீர்கள், கீழே யாரும் படுக்கவும் கூடாது.

இந்தச் சோதனையில் பெயர் சொல்லிப் புண்ணியமில்லாத சில ஸ்ட்ராப்புகள் தோற்றன. ஒன்றில் சாவிக்கொத்துக் கொக்கி மாதிரி பளபளப்பான வார்ப்புக் கொக்கி இருந்தது. வளைந்து எச்சரிக்கவே இல்லை, நேராக உடைந்தது. துத்தநாக வார்ப்பின் குணமே அதுதான். இன்னொன்றில் கம்பியை வளைத்து மூட்டாமல் விட்ட டி வளையம். இடைவெளி விரிந்து பட்டை வெளியே வந்துவிட்டது. வளையம் என்றால் பற்றவைத்து மூடியிருக்க வேண்டும், விரல் நகத்தால் தடவினாலே மூட்டு இருக்கிறதா இல்லையா என்று தெரியும்.

பீக் டிசைன் ஸ்லைடு இதில் எந்த மாற்றமும் இல்லாமல் காலையில் அப்படியே தொங்கியது. கேமராவில் கயிற்றால் கட்டி, ஸ்ட்ராப் முனையில் மாட்டும் அதன் சின்ன இணைப்பு வட்டு ஒவ்வொன்றும் 90 கிலோ தாங்கும் என்று கம்பெனி சொல்கிறது. அரிசிச் சிப்பம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இருந்தாலும் கண்ணால் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.

பட்டை 45 மில்லிமீட்டர் அகலம். சீட் பெல்ட் போன்ற வழவழப்பான நைலான் நெசவு. நடுவில் மெத்தை உண்டு, ஆனால் சன்னமானது. ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் வழுக்காமல் பிடிக்கும் சிலிக்கான் கோடுகள். குறுக்கே போட்டு நடக்கும்போது வழவழப்புப் பக்கம் உடம்பில் படட்டும், கேமராவை மேலே தூக்கினால் பட்டையும் கூடவே சுலபமாகச் சுற்றி வரும். ஒரே தோளில் மாட்டுவதானால் திருப்பிப் போட வேண்டும். சுடிதார் போடும் பெண்களுக்கு ஒரு வார்த்தை: துப்பட்டாவை ஸ்ட்ராப்புக்கு அடியில் விடாதீர்கள். கேமராவோடு அதுவும் சுருண்டு கழுத்துக்கு வரும். நான் குளத்துக்குப் போகும்போது காலர் வைத்த பருத்திச் சட்டைதான் போடுகிறேன். பட்டையின் ஓரம் கழுத்துத் தோலை உரசாது. இது எந்த ஸ்லிங்குக்கும் பொருந்தும்.

நீளத்தை மாற்றும் பிடி இரண்டு பக்கமும் இருக்கிறது. விரலால் கொக்கியைத் தூக்கி இழுத்தால் போதும், ஒரு கையாலேயே முடியும். இதன் அருமை மலையில்தான் தெரிந்தது. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை போனால், புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்திகள் ரோட்டோரத்திலேயே இருக்கும். தேயிலைச் சரிவில் இறங்கும்போது பட்டையைச் சுருக்கிக் கேமராவை நெஞ்சோடு இறுக்கிக்கொள்ளலாம். குரங்கு தெரிந்ததும் தளர்த்திக் கண்ணுக்குக் கொண்டுவரலாம். பட்டை தானே வளையமாகத் திரும்பி வருவதால் தொங்கும் வால் கிடையாது. ஆடிக் காற்றில் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் நின்று படம் எடுத்தவர்களுக்கு, முகத்திலும் லென்ஸ் முன்னாலும் அடிக்கும் ஸ்ட்ராப் வாலின் தொல்லை தெரியும். சாதா பக்கிள் வைத்த ஸ்ட்ராப் வைத்திருந்தால் வாலை மறுபடி பக்கிளுக்குள்ளேயே ஒரு சுற்றுத் திருப்பி விடுங்கள். ஆட்டமும் இருக்காது, பட்டை நழுவவும் செய்யாது.

இதை மாட்டும் விதத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். கனமான லென்ஸ் இருக்கும்போது ஸ்ட்ராப்பின் இரண்டு முனையையும் கேமராவின் காதுகளில், அதாவது பாடியின் இரு பக்கமும் ஸ்ட்ராப்புக்காக இருக்கும் வளையங்களில் மாட்டினால், இரண்டேகால் கிலோவுக்கு மேற்பட்ட லென்ஸ், பாடியோடு அது பொருந்தும் மவுண்டைப் பிடித்துக்கொண்டு கீழே தொங்கும். மவுண்டுக்கு அது நல்லதல்ல. லென்ஸுக்குக் கால் கொடுத்திருப்பதே அங்கேதான் பாரம் சமமாக நிற்கும் என்பதால். ஸ்லைடோடு ஒரு சின்ன உலோகத் தட்டும் ஆலன் கீயும் வருகின்றன. அந்தத் தட்டை லென்ஸின் காலில் முறுக்கி ஒரு முனையை அங்கே மாட்டுகிறேன். மறுமுனை கேமராவின் இடது காதில். பாரத்தில் பெரும்பகுதி காலுக்குப் போய்விடுகிறது, வலது கைப்பிடியும் காலியாக இருக்கிறது. திருகு தளர்ந்தாலும் காது பிடித்துக்கொள்ளும், காது விட்டாலும் கால் பிடித்துக்கொள்ளும். எனக்கு இந்த ஸ்ட்ராப் பிடித்ததற்கு முதல் காரணம் இதுதான். மெத்தை, நிறம், பெயர் எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

தொங்கவிடுவதற்கு முன் இன்னொரு வேலை. 200-500 மாதிரி நீண்டு சுருங்கும் ஜூம் லென்ஸ் தலைகீழாகத் தொங்கினால் தன் கனத்திலேயே நீளும். 200-இல் பூட்டி வைக்க லென்ஸின் பக்கவாட்டில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு நடங்கள். நீளமாகத் தொங்கும் லென்ஸ் முழங்காலில் இடிக்கும், படியில் ஏறும்போது கல்லிலும் இடிக்கும். லென்ஸ் ஹூட்டை மாட்டியே வைத்திருப்பது நல்லது. இடிபட்டால் ஹூட்டோடு போகும்.

வண்டியில் போகும்போது கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு போகவே கூடாது. பின்னால் உட்கார்ந்து போனாலும் கூடாது. பைதான். ஆனால் குளக்கரையில் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே சீக்கிரம் ஒரு படம் எடுக்க வேண்டிய நேரம் வரும். தலை வழியாக மாட்டும் ஸ்ட்ராப்பை ஹெல்மெட்டுக்கு மேல் போட முடியாது. இதில் வட்டைக் கட்டை விரலால் அழுத்தி மேலே தள்ளினால் கழன்று வந்துவிடும், பட்டையைத் தோளில் சுற்றி மறுபடி மாட்டிக்கொள்ளலாம். அழுத்தவும் வேண்டும், தள்ளவும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கழலும் என்பதால் தானாகத் திறந்துகொள்ளுமோ என்ற கவலை இல்லை. மாட்டியதும் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். க்ளிக் சத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம், அதுவும் காற்றடிக்கும் இடத்தில்.

கல்யாண வீட்டுக்காரர்களுக்கு இது பத்தாது. என் சித்தப்பா மகன் கோபிச்செட்டிபாளையத்தில் கல்யாணப் படம் எடுக்கிறான். நம் பக்கத்துக் கல்யாணத்தில் முந்தின நாள் சாயங்காலமே சீர்கள் தொடங்கிவிடும். இணைச்சீர் ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு பக்கம் மாப்பிள்ளை அழைப்புக்கு ஆள் நிற்பார்கள். அவன் இரண்டு பாடி வைத்திருக்கிறான். ஒன்றில் அகலமான லென்ஸ், மற்றதில் ஒன்றரைக் கிலோ அளவுக்கு வரும் 70-200. அவனுக்கு இரண்டு தோளிலும் ஏறி முதுகில் இணையும் ஹார்னஸ்தான் சரி. பாரம் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் முதுகெலும்பு ஒரு பக்கம் சாயாது. புழுக்கமாக இருக்கும், கழற்றி மாட்ட நேரமாகும், தோல் ஹார்னஸ் என்றால் வியர்வை உப்புப் படிந்து விறைத்துப்போகாமல் துடைத்து எண்ணெய் காட்ட வேண்டும். ஆனால் மண்டபத்தில் விடிய விடிய நிற்கும் வேலைக்கு அதை விட்டால் வேறு வழி இல்லை. அவனுக்கு நான் சொன்னது ஒன்றுதான்: தொங்கும் ஒவ்வொரு திருகுக்கும் ஒரு துணைப் பட்டை. இப்போது பெரியவரிடம் அவனுக்கும் இரண்டு தைத்திருக்கிறோம்.

நெரிசலில் திருட்டு பயம் உள்ளவர்களுக்கு, கத்தி வைத்து அறுக்க முடியாதபடி உள்ளே எஃகுக் கம்பி ஓடும் ஸ்ட்ராப்புகளும் விற்கிறார்கள். காந்திபுரம் பேருந்து நிலையக் கூட்டத்தில் நான் கேமராவை வெளியிலேயே எடுப்பதில்லை, அதனால் எனக்கு அது தேவைப்படவில்லை. கேமரா கம்பெனி பெயரைப் பெரிதாக மஞ்சளில் போட்ட ஸ்ட்ராப்பைவிடப் பெயர் தெரியாத கறுப்புப் பட்டை நல்லது, அவ்வளவுதான்.

ஸ்லைடின் விலை பல ஆயிரம். ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே உள்ள கேமராவுக்கு இவ்வளவு கொடுக்க வேண்டாம். அந்தக் கனத்துக்கு, முனை மடித்துப் பார்டாக் போட்ட எந்தப் பருத்தி அல்லது பாலியஸ்டர் பட்டையும் போதும். தடிமனான மெத்தை இல்லாமல் முடியாது என்பவர்களுக்கும் இது ஒத்துவராது. மூன்று கிலோ தூக்கிக்கொண்டு மைல் கணக்கில் நடப்பவர்களுக்கு, கேமரா விலையோடு வைத்துப் பார்த்தால் இது அதிகமில்லை என்பது என் கணக்கு.

பராமரிப்பு சுலபம். வியர்வை உப்பு காய்ந்தால் நெசவை அறுக்கும் என்பதால் நான் அவ்வப்போது மிதமான சோப்புத் தண்ணீரில் கையால் அலசி நிழலில் காயப்போடுகிறேன். வாஷிங் மெஷின் வேண்டாம், அதன் உலோகப் பிடிகள் மற்றத் துணியையும் கிழிக்கும். வால்பாறை மழையில் நனைந்தால் அப்படியே பையில் சுருட்டி வைக்காதீர்கள்.

கண்ணில் வைத்துக்கொள்ள வேண்டியது அந்த வட்டுகளின் கயிறு. சன்னமான கயிறு, கேமராவின் காது வளையத்தில் தினமும் உரசுவது அதுதான். மேலே கறுப்பு, அதற்கு அடியில் மஞ்சள், அதற்கும் அடியில் சிவப்பு என்று அடுக்காகப் பின்னியிருக்கிறார்கள். கறுப்பு தேய்ந்து மஞ்சள் எட்டிப் பார்த்ததும் மாற்றிவிட வேண்டும், சிவப்பு வரை பொறுக்கக் கூடாது. பெட்டியில் நான்கு வட்டுகள் வரும். இரண்டு போதும் என்பதால் மீதி இரண்டைப் பத்திரமாக வைத்திருங்கள். தீர்ந்துபோய் வாங்கும்போது, அதே வடிவத்தில் பெயரில்லாமல் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் வட்டுகளை மட்டும் வாங்காதீர்கள். வெளியே பார்க்க ஒன்று போலவே இருக்கும், கயிற்றின் உள்ளே என்ன இருக்கிறது என்பது அறுந்த பிறகுதான் தெரியும்.